கொள்ளைக்காரனைப் பார்க்கக் கொள்ளிடம் தாண்டி

இந்த மார்கழியில் எருமப்பட்டியிலிருந்து ஒரு வேன் கிளம்புகிறது. கிழவிகள், நடுவயதுக்காரர்கள், குழந்தைகள் என்று பதினைந்து பேர். போவது ஸ்ரீரங்கத்துக்கு. ஆனால் வைகுண்ட ஏகாதசிக்கு அல்ல. அன்றைக்குப் போய் வந்தவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். நாங்கள் போவது அதிலிருந்து எட்டாம் நாள் நடக்கிற திருமங்கை மன்னன் வேடுபறிக்கு. ஒரு கொள்ளைக்காரன் பெருமாளையே வழிமறித்துக் கொள்ளையடிப்பதை ஊர் கூடி நடித்துக் காட்டும் திருவிழா அது.

இந்தப் பயணத்துக்கு விதை போட்டவன் அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் மகன். ஃபுளோரிடா மாநிலத்து டாம்பா நகரில் வேலை. சென்ற வருடம் ஒரு வீடியோ அனுப்பினான். மூன்று பாய்மரம் வைத்த கப்பல் ஒன்று பீரங்கி வெடித்தபடி நகரத்துக்குள் வருகிறது. ஒற்றைக் கண்ணை மறைத்துக் கட்டி, கையில் கத்தியோடு நூற்றுக்கணக்கானவர்கள் இறங்குகிறார்கள். மேயர் நகரத்தின் சாவியை அவர்களிடம் ஒப்படைக்கிறார். தெருவெல்லாம் பாசிமணி மாலைகளை வாரி வீசுகிறார்கள். "சித்தப்பா, ஜனவரி கடைசிச் சனிக்கிழமை. ஒரு தரம் வந்து பாருங்க. ஊரே கடற்கொள்ளைக்காரனாயிடும்" என்றான்.

விசா, விமான டிக்கெட், என் மூட்டுவலி எல்லாவற்றையும் கணக்குப் போட்டேன். ஒத்துவரவில்லை. ஆனால் அந்தத் திருவிழாவைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தேன். அதன் பெயர் காஸ்பரில்லா. ஹோசே காஸ்பர் என்ற ஸ்பானியக் கடற்கொள்ளைக்காரன் பெயரில் நடப்பது. முதல் முறை நடந்தது 1904-இல். வேடிக்கை என்னவென்றால் அந்த முதல் வருடம் கொள்ளைக்காரர்கள் கப்பலில் வரவில்லை, குதிரையில் வந்தார்கள். இப்போது வருகிற கப்பல் இதற்கென்றே 1954-இல் கட்டியது. அதைவிட வேடிக்கை, ஹோசே காஸ்பர் என்று ஒருவன் இருந்ததற்கே வரலாற்றில் சான்று இல்லை. ஒரு ரயில் கம்பெனி தன் விடுதிக்கு ஆள் பிடிக்க அச்சடித்த விளம்பரப் புத்தகம் அவன் கதையை வளர்த்துப் பரப்பியது. இல்லாத ஒரு கொள்ளைக்காரனுக்கு நூற்றிருபது வருடமாகத் திருவிழா.

இதைப் படித்தபோதுதான் நமக்கும் இப்படி ஒன்று உண்டே என்று தோன்றியது. ஒன்று அல்ல, குறைந்தது மூன்று.

முதலாவது எங்கள் கொங்கு நாட்டிலேயே இருக்கிறது. அவிநாசிக்குப் பக்கத்தில் திருமுருகன்பூண்டி. சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடும் பொருளோடும் சுந்தரர் திரும்பி வருகிறார். சிவபெருமான் தன் பூதகணங்களை வேடர்களாக அனுப்பி அத்தனையையும் பறித்துக்கொள்கிறார். சுந்தரர் கோபித்துப் பாடிய பிறகு திருப்பித் தருகிறார். மாசித் தேர்த் திருவிழாவில் அதை நடித்துக் காட்டுகிறார்கள். வேடர் பறித்ததால் வேடுபறி. கொங்கு வழியாகப் போன வணிகர்களுக்கு அந்தக் காலத்தில் வழிப்பறி எவ்வளவு பழக்கமான பயம் என்பதற்கு அந்தக் கதையே சாட்சி.

இரண்டாவது, சீர்காழிக்கு அருகே திருவாலி – திருநகரி பக்கம் வேதராஜபுரத்தில் பங்குனி உத்திரத்தை ஒட்டி இரவில் நடப்பது. திருமங்கையாழ்வாரின் சொந்த மண் அது. மூன்றாவது ஸ்ரீரங்கம். முதலாவதில் கடவுள் பக்தனைக் கொள்ளையடிக்கிறார். மற்ற இரண்டிலும் பக்தனாகப் போகிறவன் கடவுளைக் கொள்ளையடிக்கிறான். எங்களுக்குத் தோதானது ஸ்ரீரங்கம்தான். துறையூர், மண்ணச்சநல்லூர், நம்பர் ஒன் டோல்கேட், கொள்ளிடம் பாலம், ஸ்ரீரங்கம். தொண்ணூறு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும்.

தேதி கணக்குப் பார்ப்பது எளிது. பகல் பத்து பத்து நாள், அதன் பிறகு வைகுண்ட ஏகாதசியன்று ராப்பத்து தொடக்கம். ராப்பத்தின் எட்டாம் நாள் வேடுபறி. 2025-இல் வைகுண்ட ஏகாதசி இரண்டு முறை வருகிறது. ஜனவரி 10 ஒன்று, டிசம்பர் 30 ஒன்று. டிசம்பர் 30-ஐ முதல் நாளாக வைத்து எண்ணினால் வேடுபறி 2026 ஜனவரி 6, செவ்வாய்க்கிழமை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் லீவு போட வேண்டும். "கொள்ளையடிக்கிறதைப் பார்க்கப் போறோம்னு லீவ் லெட்டர்ல எழுதலாமா தாத்தா?" என்று ஒன்று கேட்டது.

யார் இந்தத் திருமங்கை? குருபரம்பரை நூல்கள் சொல்வது இது. இயற்பெயர் நீலன். கள்ளர் குலம். சோழனுக்குப் படைத்தலைவனாக இருந்து ஆலிநாட்டுக்குச் சிற்றரசன் ஆனவர். குமுதவல்லி என்ற பெண்ணை விரும்புகிறார். தினமும் 1008 வைணவர்களுக்கு ஒரு வருடம் சோறு போட்டால்தான் கல்யாணம் என்கிறாள் அவள். சோறு போட்டே சோழனுக்குக் கட்ட வேண்டிய வரிப்பணம் கரைந்துவிடுகிறது. கஜானா காலியானதும் வழிப்பறிக்கு இறங்குகிறார். கூட நான்கு பேர். நீர்மேல் நடப்பான், நிழலில் மறைவான், பூட்டை ஊதியே திறக்கும் தாளூதுவான், எந்த வாதத்திலும் தோற்காத தோலாவழக்கன். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இந்த நான்கு பேரையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிட்டார்கள். நால்வரில் தாளூதுவானுக்குத்தான் கிராக்கி.

ஒரு நாள் கல்யாணக் கோஷ்டி ஒன்று நகைநட்டோடு வருகிறது. மாப்பிள்ளையாக வந்திருப்பது பெருமாள். வழிமறித்து எல்லாவற்றையும் உருவியாயிற்று. கால்விரல் மோதிரம் ஒன்று மட்டும் கழலவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுக்கிறார். அந்த முரட்டுத்தனத்தைப் பார்த்துப் பெருமாள் 'கலியன்' என்று பெயர் வைக்கிறார். கட்டிய மூட்டையைத் தூக்க முடியவில்லை. "என்ன மந்திரம் போட்டாய், சொல்" என்று கத்தியை உருவுகிறார். பெருமாள் காதில் எட்டெழுத்தைச் சொல்கிறார். கொள்ளைக்காரன் அங்கே முடிந்து ஆழ்வார் தொடங்குகிறார்.

இதில் எவ்வளவு வரலாறு? அவர் பாசுரங்களிலேயே சில கைப்பிடிகள் கிடைக்கின்றன. காஞ்சிப் பரமேச்சுர விண்ணகரத்தைப் பாடும்போது பல்லவ மன்னனின் போர்களைச் சொல்கிறார். அவன் எட்டாம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் நந்திவர்மன் என்பது ஆய்வாளர்களின் பொதுவான முடிவு. வயிரமேகன் என்ற பெயரும் வருகிறது. ஆகவே எட்டாம் நூற்றாண்டு ஆள். எங்கள் நாமக்கல் மலையைக் குடைந்து பள்ளிகொண்ட அரங்கநாதரைச் செதுக்கியதும் அதே நூற்றாண்டில்தான், அதியர் குல மன்னன் குணசீலன் காலத்தில். நாமக்கல்லில் பஸ் மாறும்போது நாம் அண்ணாந்து பார்க்காமலே கடந்துபோகிற அந்தக் குகை, திருமங்கை குதிரை ஏறித் திரிந்த காலத்தது.

அவர் ஒரு தலைவர், வேல் ஏந்தியவர், மங்கை நாட்டை ஆண்டவர் என்பதை அவரே பதிகத்துக்குப் பதிகம் முத்திரையாகச் சொல்கிறார். ஆனால் கொள்ளைக் கதை விரிவாக வருவது பின்பழகிய பெருமாள் ஜீயரின் ஆறாயிரப்படி குருபரம்பரை போன்ற நூல்களில். அவை 13-ஆம் நூற்றாண்டும் அதற்குப் பின்னும். நடுவில் ஐந்நூறு வருடம். பெரிய திருமொழியின் முதல் பதிகத்திலேயே அவர் தன்னைக் கள்வன் என்று சொல்லி, வீணாய்ப் போன நாட்களை நினைத்து வருந்துகிறார். பக்தன் தன்னைத் தாழ்த்திச் சொன்ன ஒரு சொல்லைப் பிற்காலத்தார் அப்படியே எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் குதிரையும் கூட்டாளிகளும் சேர்த்துக் கதை கட்டியிருக்கலாம். இல்லை, வரி கட்டாத சிற்றரசன் ஒருவன் உண்மையிலேயே வழிமறித்து வாழ்ந்த நினைவு ஊர்வாயில் தங்கியிருக்கலாம். டாம்பாவின் காஸ்பர் போல முழுக் கற்பனை அல்ல இவர். 1084 பாசுரம் கொண்ட பெரிய திருமொழியும் வேறு ஐந்து நூல்களும் எழுதி வைத்துவிட்டுப் போன மனிதர்.

அண்ணன் மகனிடம் சொன்னபோது, "ஆனா சித்தப்பா, இவர் ரோட்டுல கொள்ளையடிச்சவர். எங்காளு கடல்ல" என்று வம்புக்கு வந்தான். அதற்கும் பதில் இருக்கிறது.

ஸ்ரீரங்கத்து மதில் கட்டப் பணம் வேண்டும். நாகப்பட்டினத்தில் பொன்னாலான புத்தர் இருப்பதாகக் கேள்வி. அந்த விகாரத்துக்குள் நுழையும் சூட்சுமம் அதைக் கட்டிய தச்சனுக்குத்தான் தெரியும். அவன் இருப்பது கடல் கடந்த தீவில். திருமங்கை கப்பல் ஏறிப் போய்ப் பேச்சுக் கொடுத்து ரகசியத்தைக் கறந்துவிடுகிறார். திரும்பி வரும் கப்பலில் பாக்குச் சரக்கு. ஒரு பாக்கை இரண்டாகப் பிளந்து பாதியை வணிகரிடம் கொடுத்து, கப்பலில் இவருக்குப் பாதிப் பாக்கு தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்கிறார். கரை வந்ததும் அந்த எழுத்தைக் காட்டிக் கப்பல் சரக்கில் பாதியைக் கேட்கிறார். வாதாட யார் இருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு துப்பாக்கி வெடிக்காமல், ஒரு கயிறு அறுக்காமல் நடந்த கடற்கொள்ளை.

பிறகு பொன் புத்தர். சிலையோடு திருக்கண்ணங்குடி வந்து, சேற்றில் புதைத்து, அங்கிருந்த புளியமரத்தைத் தூங்காமல் காவல் இருக்கச் சொல்கிறார். உறங்காப் புளி, ஊறாக் கிணறு, காயா மகிழ், தோலா வழக்கு என்று அந்த ஊருக்கு இன்றும் ஒரு வாய்ப்பாடு உண்டு. தேடி வந்தவர்களோடு வழக்காடி, சிறுவிரல் வரைக்கும் கொடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்து, கெடு வந்ததும் சிறுவிரலை மட்டும் கொடுத்து அனுப்புகிறார்.

சொல்லும்போது சிரிப்பு வருகிறது. எங்கள் வீட்டுத் திண்ணையிலும் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சிரித்து முடித்த பிறகு அந்தச் சிறுவிரலை வாங்கிக்கொண்டு போனவர்களை நினைத்துப் பார்க்கத்தான் வேண்டும். நாகப்பட்டினத்தில் பௌத்தம் கதையில்லை. 1005 வாக்கில் ஸ்ரீவிஜய மன்னன் அங்கே சூடாமணி விகாரம் எழுப்ப, ராஜராஜ சோழன் ஆனைமங்கலத்தை அதற்கு எழுதிக் கொடுத்ததை லெய்டன் செப்பேடுகள் சொல்கின்றன. திருமங்கை காலத்துக்கு அது பிந்தியது. ஆனால் குருபரம்பரை எழுதியவர்கள் காலத்தில் அந்த விகாரம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. மிச்சமிருந்த பழைய செங்கல் கோபுரத்தை 1867-இல் இயேசு சபையார் சென்னை அரசின் அனுமதியோடு இடித்தார்கள். 1856 முதல் அந்த ஊர் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த பௌத்தச் செப்புத் திருமேனிகள் ஏறக்குறைய 350. யாரோ அவசரமாகப் புதைத்துவிட்டுத் திரும்பி வராமல் போயிருக்கிறார்கள். பொன் புத்தர் கதை வென்றவர்கள் சொன்ன கதை. தோற்றவர்களின் கதையை மண்தான் வைத்திருந்தது.

பயணத்துக்கு வேன் பேசியபோது இதே பேச்சு வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஓட்டுநர் எங்கள் ஊர்க்காரர். வருடக்கணக்காக நாமக்கல் முட்டை லோடு ஓட்டியவர். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"ஏனுங்க, கொள்ளையடிச்சவனைச் சாமின்னு கும்பிடறதுக்கா இம்புட்டுத் தூரம்? வடக்க போறப்ப ராத்திரில தார்ப்பாயக் கிழிச்சு என் வண்டியில சரக்க உருவுனானுங்க. அந்தக் காசு என் சம்பளத்துலதான் பிடிச்சாங்க. அவனுக்கும் யாராச்சும் கோயில் கட்டுவாங்களா?"

லாரிக்காரர்களின் ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். நாமக்கல்லில் எந்தத் தெருவில் நின்றாலும் நெடுஞ்சாலையில் பறிகொடுத்த ஒருவர் கிடைப்பார். கொள்ளைக்காரனின் வேஷம் டாம்பாவில் விளையாட்டாக இருக்கலாம், அங்கே பறிகொடுத்தவன் யாரும் கூட்டத்தில் நிற்பதில்லை. எங்கள் வேனில் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரே பறிகொடுத்தவர்.

கொள்ளைக்காரன் யார் என்பதை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி மிகப் பழையது. அலெக்சாந்தர் பிடித்துவந்த கடற்கொள்ளைக்காரன் ஒருவன், "ஒரு சின்னக் கப்பலை வைத்துச் செய்வதால் நான் கொள்ளைக்காரன், பெரிய கடற்படை வைத்துச் செய்வதால் நீ பேரரசன்" என்று பதில் சொன்னதாக அகஸ்தீன் எழுதியிருக்கிறார். நமக்கு அலெக்சாந்தர் வரை போக வேண்டாம். சூடாமணி விகாரம் எழுந்து இருபது வருடத்தில், 1025-இல், அதே ஸ்ரீவிஜயத்தின் மேல் ராஜேந்திர சோழன் கப்பற்படை அனுப்பினான். அங்கிருந்து அள்ளி வந்ததில் மணிகள் பதித்த வித்யாதர தோரணமும் உண்டு என்று அவன் மெய்க்கீர்த்தி பெருமையாகவே சொல்கிறது. அதை நாம் வழிப்பறி என்று சொல்வதில்லை, திக்விஜயம் என்கிறோம். ஆலிநாட்டு நீலனும் வரியை ஒழுங்காகக் கட்டியிருந்தால் அவன் பறித்ததெல்லாம் போர் வெற்றியாகவே எழுதப்பட்டிருக்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆழ்வாரின் குலம் என்று மரபு சொல்லும் அதே பெயரைத் தாங்கியவர்கள் மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர்கள். 1871-இல் வெள்ளைக்கார அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் அமலுக்கு வந்தது. திருடினானா இல்லையா என்ற கேள்வியே இல்லை. அந்தக் குலத்தில் பிறந்தால் போதும், கைரேகை வைக்க வேண்டும், ராத்திரி கச்சேரியில் ஆஜராக வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் 1947-இல் போனது. நாடு முழுக்க 1952-இல். கொள்ளைக்காரன் ஒருவனை மார்கழி தோறும் ஆழ்வாராக எழுந்தருளப் பண்ணுகிற நாட்டில், கொள்ளையே அடிக்காதவர்கள் பிறப்பால் கொள்ளைக்காரர்கள் ஆனார்கள். டாம்பாவிலும் இந்த நிழல் உண்டு. ஊர்வலம் நடத்தும் சங்கத்தில் வெள்ளையர்கள் மட்டும்தான் உறுப்பினர்கள் என்ற சர்ச்சை முற்றி 1991-இல் காஸ்பரில்லா ஊர்வலமே நின்றுபோனது. கொள்ளைக்காரன் வேஷம் எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. சிலர் ஒரு நாள் போட்டுக் கழற்றி வைக்கலாம். சிலர் மேல் அது தோலாக ஒட்டவைக்கப்படுகிறது.

ஓட்டுநரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவரிடம் நான் சொன்னது கொள்ளிடத்துக் கதை.

மதில் வேலை முடிகிறது. ஸ்ரீரங்கத்தில் ஆலிநாடன் திருச்சுற்று என்று இன்றும் அவர் பெயரில் ஒரு பிராகாரம் இருக்கிறது. கல் சுமந்தவர்களும் சிற்பிகளும் கூலி கேட்கிறார்கள். கையில் காசு இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பொருள் புதைத்து வைத்திருக்கிறேன், வாருங்கள் என்று ஓடத்தில் ஏற்றுகிறார்கள். நடு ஆற்றில் ஓடம் கவிழ்கிறது. யாரும் தப்பவில்லை. உறவுக்காரர்கள் வந்து அழுகிறார்கள். பேர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்கிறார் ஆழ்வார். செத்தவர்களின் குரல் கேட்கிறது. நாங்கள் அரங்கன் திருவடிக்கு வந்துவிட்டோம், எங்களுக்காக அழ வேண்டாம் என்கிறது. அவர்களைக் கொன்ற இடம் என்பதால்தான் கொள்ளிடம் என்று ஊர்வழக்கில் சொல்வார்கள். சொல்லிலக்கணம் அதை ஒத்துக்கொள்ளாது. அதற்கு லகரம் வேண்டும், எங்கள் கொல்லிமலைக்கு இருப்பது போல. இது ளகரம். காவிரி வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் இடம் என்பதே பொருத்தம். ஆனால் மக்கள் ஏன் அந்த ஆற்றின் பெயரில் ஒரு கொலையைக் கேட்டார்கள் என்பதற்கு இலக்கணத்தில் பதில் இல்லை.

இந்தக் கதை உண்மையில் நடந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஆழ்வாரைக் கொண்டாடும் மரபே இதையும் ஏட்டில் ஏற்றி வைத்திருக்கிறது, மறைக்கவில்லை. பெரிய மதில்கள் எழும்போது கூலி கிடைக்காமல் போனவர்கள் உண்டு என்ற நினைவைத் தூக்கி எறிய முடியாமல், செத்தவர்களுக்கு மோட்சம் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டிருக்கிறது.

ஓட்டுநர் கேட்டுவிட்டு, "கூலி குடுக்காம மோட்சம் குடுத்தாங்களாக்கும்" என்றார். பிறகு, "சரி, போலாமுங்க. அந்தப் பெருமாள் பறிகொடுத்துட்டு எப்படி நிக்கறாருன்னு நானும் பார்க்கறேன்" என்றார். வாடகையில் ஐந்நூறு ரூபாய் குறைத்தும் கொண்டார்.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. வேடுபறியில் பார்க்க வேண்டியது பறித்தவனை மட்டும் அல்ல, பறிகொடுத்தவரையும்தான். அன்று மாலை நம்பெருமாள் தங்கக் குதிரை வாகனத்தில் ஆயிரங்கால் மண்டபத்துக்கு அருகே உள்ள மணல்வெளிக்கு வருகிறார். வையாளி என்று பெயர் சொல்லி, குதிரை பாய்ந்தோடுவது போலச் சுமப்பவர்கள் முன்னும் பின்னும் ஓடுகிறார்கள். அங்கே திருமங்கை மன்னன் வழிமறித்துப் பறிக்கிறார். கோயிலின் மொத்தச் செல்வத்துக்கும் உரியவர் கூட்டத்தின் நடுவே பறிகொடுத்து நிற்கிறார். பறித்தவன் கையில் கடைசியில் தங்குவது நகை அல்ல, காதில் விழுந்த ஒரு சொல்.

திட்டம் போடும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்று. ராப்பத்து நாட்களில் திறக்கிற பரமபத வாசல் வேடுபறி அன்று திறப்பதில்லை. எங்கள் பெரியம்மாவுக்கு இதில் பெரிய குறை. "சொர்க்கவாசல் தொறக்காத நாளாப் பார்த்து என்னைக் கூட்டிட்டுப் போறயே" என்று இரண்டு நாள் பேசவில்லை. ஏழு நாளும் திறந்திருந்த வாசல், கொள்ளைக்காரன் வருகிற நாளில் மட்டும் மூடியிருக்கிறது. அவனுக்கு அந்த வாசல் தேவைப்படவில்லை. மணலில், தெருவில், கத்தியோடு நின்ற இடத்திலேயே காரியம் முடிந்துவிட்டது. இதைச் சொன்னதும் பெரியம்மா சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை. போகிற வழியில் சமயபுரத்தில் இறங்கி ஒரு தேங்காய் உடைக்க வேண்டும்.

ஆகவே ஏற்பாடு இப்படி. காலை ஒன்பது மணிக்கு எருமப்பட்டியில் கிளம்புகிறோம். புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு வருவது அவரவர் பொறுப்பு. மதியத்துக்கு மேல் கூட்டம் சேர்வதற்கு முன் மணல்வெளியில் இடம் பிடிக்க வேண்டும், பிள்ளைகளை முன்னால் உட்கார வைக்க வேண்டும். நகை எதுவும் போட்டுக்கொண்டு வர வேண்டாம் என்று பெண்களிடம் சொல்லியாயிற்று. கொள்ளையடிப்பதைப் பார்க்கப் போகிற இடத்தில் பறிகொடுத்துவிட்டு வந்து நிற்கக் கூடாது.

கொள்ளிடத்தில் புதுப் பாலம் வழியாகத்தான் போவோம். பக்கத்திலிருந்த 1928-ஆம் வருடத்து இரும்புப் பாலத்தின் ஒரு பகுதி 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடிந்து விழுந்தது. பாலத்தின் மேல் வண்டியை நிறுத்த முடியாது. ஏறும்போது வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். நான்கு கூட்டாளிகளின் பெயரையும் சொல்லத் தெரிந்த பிள்ளைகளுக்கு, பெயரே இல்லாத அந்தக் கல்தச்சர்களின் கதையை அந்தப் பாலம் முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும். மணல்வெளியில் அவர்கள் வேஷம் கட்டி வர மாட்டார்கள்.